உள்தாழ்ப்பாள்

கிறீச் என்று தொடங்குகிறது, நடுவில் ஒரு மூச்சு விடுகிறது, டொக் என்று முடிகிறது. மறுபடி கிறீச், மூச்சு, டொக். விளக்கை அணைத்துவிட்டுப் படுத்துக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும். இந்த வீட்டுக்கு மருமகளாக வந்த நாளிலிருந்து இப்படி ஒரு சத்தத்தை நான் கேட்டதில்லை. வாசற்கதவாக இருக்கும் என்று நினைத்தேன், நினைத்ததுமே கால் இரண்டையும் போர்வைக்குள் இழுத்துக்கொண்டேன், ஏனென்றால் இந்த வீட்டு வாசற்கதவைச் சாத்தி வைப்பார்களே தவிர உள்ளே தாழ்ப்பாள் போடுவது கிடையாது, காற்றடித்தால் அது அசையத்தான் செய்யும். ஆனால் இன்றைக்குக் காற்றே இல்லை. தூத்துக்குடியில் சில நாள் இப்படி ஆகும், கடல் இருக்கிறதா போய்விட்டதா என்று தெரியாது, ஜன்னல் திரை ஈரத்துணி மாதிரி நேராகத் தொங்கும், உப்பளத்து வாடை வந்த இடத்திலேயே நின்றுகொண்டிருக்கும். காற்றில்லாமல் கதவு அசையாது. அசைந்தால் அது கை. கை என்றால் ஆள். ஆள் என்றால் ஏன் உள்ளே வராமல் தள்ளுவதும் விடுவதுமாக நிற்கிறான், அவனுக்கும் என்னைப் போல முடிவெடுக்கத் தெரியவில்லையா. பெலிக்ஸை எழுப்பலாம். துறைமுகத்தில் பகல் முழுக்க வெயிலில் நின்று கன்டெய்னர் நம்பர் சரிபார்த்துவிட்டு வந்தவன், தலையணையைக் கட்டிக்கொண்டு கப்பல் மாதிரி கிடக்கிறான். எழுப்பினால் பூனையா இருக்கும் பிரிசி, படு என்பான். நான் இல்லை என்று சொன்னால், சரி, போய்ப் பாக்கணும்னா பாரு, உன் இஷ்டம் என்பான். உன் இஷ்டம். சாயங்காலம் மீன் குழம்பா ரசமா என்று கேட்டதற்கும் அதையேதான் சொன்னான், அதற்குப் பிறகு மாலத்தீவுக்கு டீச்சர் வேலைக்குப் போகட்டுமா வேண்டாமா, காலையில் பள்ளிக்கூடத்துக்குப் பதில் அனுப்பியாக வேண்டும் என்று கேட்டதற்கும் அதையேதான் சொன்னான். நல்ல மனதோடுதான் சொல்கிறான், எனக்குத் தெரியும், என் பேச்சில் குறுக்கே நிற்கக் கூடாது என்று நினைக்கிறான். ஆனால் கொஞ்சம் குறுக்கே நின்றால் என்ன. போகாதே என்றோ போ என்றோ ஒரு சுவர் மாதிரி நின்றால் நான் அதில் சாய்ந்துகொள்வேன். இஷ்டம் என்பது ஆளில்லாத மைதானம் மாதிரி இருக்கிறது, எந்தப் பக்கம் வேண்டுமானாலும் நடக்கலாம், அதனாலேயே நடுவில் நின்றுகொண்டிருக்கிறேன்.

எனக்கும் சுவருக்கும் நடுவில் ஆன்சியின் இடம் காலியாக இருக்கிறது. பிறந்து ஒரு வயது தாண்டியாகிவிட்டது, அந்த இடத்தில் அவள் இல்லாத முதல் ராத்திரி இதுதான். பால் மறக்க வைக்கிறோம். கொல்லையில் வேப்பிலை பறித்து அரைத்து மார்பில் தடவிக்கொண்டேன். சாயங்காலம் வழக்கம்போல மடியில் ஏறி வாயை வைத்தாள், வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். அழவில்லை. கசப்பு எங்கிருந்து வருகிறது என்று அவளுக்கு விளங்கவில்லை, என்னிடமிருந்து வரும் என்று அவள் நினைக்கவே இல்லை போலிருக்கிறது, கையால் வாயைத் துடைத்துவிட்டு மறுபடியும் ஒருமுறை வைத்துப் பார்த்தாள். அப்போதுதான் அழுதாள். மாமி, பெலிக்ஸின் அம்மா, வந்து தூக்கிக்கொண்டு போனார்கள். ஏட்டி, நீ மூஞ்சியக் காட்டாத, காட்டுனா பிள்ள மறக்காது என்று தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். ஒரு வயது ஆனால் மறக்க வைப்பது எல்லா வீட்டிலும் உள்ளதுதான், பல் முளைத்துவிட்டது, கடிக்கிறாள், சோறு சாப்பிட வேண்டாமா, டாக்டரம்மாவும் நிறுத்தலாம் என்றுதான் சொன்னார்கள். அதற்கும் மாலத்தீவுக்கும் சம்பந்தமில்லை. சம்பந்தமில்லை என்று பெலிக்ஸிடமும் சொன்னேன், அவன் கேட்காமலே சொன்னேன். மார்பு இரண்டும் கருங்கல் மாதிரி கனக்கின்றன. ஒருக்களித்துப் படுக்க முடியவில்லை. குளித்துவிட்டு வந்தும் வேப்பிலை வாடை நைட்டியை விட்டுப் போகவில்லை, என் வாடை எனக்கே அந்நியமாக இருக்கிறது, யாரோ ஒருத்தி பக்கத்தில் படுத்திருக்கிற மாதிரி.

கிறீச், மூச்சு, டொக். கொஞ்சம் வேகம் குறைந்திருக்கிறது. களைத்துப்போன திருடன். இல்லை, வேறு ஏதோ. எதையாவது நினைத்துக்கொண்டிருந்தால் சத்தம் கேட்காது. அந்த இன்டர்வியூவை நினைக்கிறேன், வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் அதைத்தான் அடிக்கடி எடுத்துப் பார்க்கிறேன். போனில் முகம் தெரிந்தது, தலையில் முக்காடு போட்ட ஹெட்மிஸ்ட்ரஸ், அவர்களுக்குப் பின்னால் ஒரு ஜன்னல், ஜன்னலில் கடல், இங்கே இருக்கிற அதே கடல்தான், ஆனால் கண்ணாடி போல இருந்தது. எங்கள் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் கவிதை என்றால் பயம், நீங்கள் ஒரு கவிதையை எப்படிச் சொல்லிக்கொடுப்பீர்கள் என்று கேட்டார்கள். நான் பேச ஆரம்பித்தேன். எவ்வளவு நேரம் பேசினேன் என்று தெரியாது, அடுப்பில் பால் பொங்கி வழிந்து தீய்ந்த வாடை வந்த பிறகுதான் நிறுத்தினேன். யாரும் என்னை அப்படி ஒன்றைக் கேட்டு எத்தனையோ காலமாகிறது. இங்கே பிள்ளைப்பேறு லீவு முடிந்து பள்ளிக்கூடத்துக்குப் போனபோது என் வகுப்பு வேறொருத்தியிடம் இருந்தது. உங்களுக்கு இனி சப்ஸ்டிட்யூஷன் மிஸ், பிள்ளைக்காரி, அதுதான் வசதி என்றார்கள். சப்ஸ்டிட்யூஷன் என்றால் யார் வரவில்லையோ அவர்கள் வகுப்பில் போய் உட்காருவது. கணக்கு மிஸ் வராவிட்டால் கணக்கு, பி.டி. சார் வராவிட்டால் மைதானத்தில் விசில். பிள்ளைகளுக்கு என் பேர் தெரியாது. நேற்று ஒரு பையன் பக்கத்துப் பையனிடம், டேய் யாரும் வரலைன்னா வருவாங்களே அந்த மிஸ் என்று காட்டினான். எனக்குச் சிரிப்புதான் வந்தது. அங்கே போனால் அந்தத் தீவுப் பள்ளிக்கூடத்துக்கு இங்கிலீஷ் என்றால் நான்தான். சம்பளத்தைக்கூட விடுங்கள், அது இதைப்போலப் பல மடங்கு, அது வந்தால் இந்த வீட்டின் ஒழுகுகிற கூரை முதல் ஆன்சியின் படிப்பு வரை சரியாகும் என்பது எல்லோருக்கும் தெரிகிறது. எனக்கு மட்டும் தெரிந்தது வேறு. எனக்கு ஆசையாக இருக்கிறது. பிள்ளையை விட்டுவிட்டுப் போக ஆசைப்படுகிறேன் என்று சொல்லிப் பார்த்தால் வாய்க்குள் வேப்பிலை. ஆனால் பிள்ளையை விட்டுவிட்டு என்கிற வார்த்தைகளை எடுத்துவிட்டால் மீதி இருப்பது நிஜமாகவே ஆசை. முதல் வருஷம் குடும்பத்தைக் கூட்டிவரக் கூடாது, டீச்சர்கள் ஒரே அறையில் சேர்ந்து இருக்க வேண்டும். அதற்குப் பிறகு பார்க்கலாம் என்றார்கள். ஒரு வருஷத்தில் ஆன்சி ஓடுவாள், பேசுவாள், என்னிடம் இல்லாமல்.

நான் அதைப் பார்த்திருக்கிறேன், அந்தப் பக்கத்திலிருந்து. அப்பா இறந்த வருஷம் அம்மா என்னைக் கான்வென்ட் போர்டிங்கில் விட்டுவிட்டுக் குவைத்துக்குப் போனாள், ஒரு வீட்டில் பிள்ளை பார்க்கிற வேலை. எனக்குப் பால்பல் விழத் தொடங்காத வயது. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பிறகு ஆபீஸ் அறையில் போன் வரும், கறுப்புப் போன், அதில் சிஸ்டர்மார் பூசுகிற பவுடர் வாடை அடிக்கும், அதனால் அம்மா என்றால் பவுடர் வாடை என்று நினைத்திருந்தேன். போனில் எல்லோரும் கேட்டுக்கொண்டு நிற்பார்கள், நான் நல்லா இருக்கேன், சாப்பிட்டேன், ஜெபம் பண்றேன் என்று ஒப்பிப்பேன். பிறகு அம்மா லீவில் வந்தாள். முன்ஹாலில், மாதா சுரூபத்துக்குக் கீழே, பளபளவென்று ஒரு சேலையில் நின்றாள். பிரிசில்லா, யார் வந்திருக்கா பாரு என்று சிஸ்டர் கொர்னேலியா என்னை முன்னால் தள்ளினார்கள். அம்மா மண்டிபோட்டு உட்கார்ந்து, என்னத் தெரியுதா கண்ணு என்றாள். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, யெஸ் சிஸ்டர் என்றேன். அங்கே பெரியவர்கள் எல்லோரும் சிஸ்டர்தான், சமையல்கார அக்காவைக்கூட முதலில் அப்படித்தான் கூப்பிடுவோம். சிஸ்டர் கொர்னேலியா சிரித்துவிட்டார்கள். அம்மாவும் சிரித்தாள், ரொம்ப நேரம் சிரித்தாள், அதற்குப் பிறகு முகம் கழுவிட்டு வாரேன் என்று பாத்ரூமுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். குழாய்த் தண்ணீர் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது. அவள் வாங்கிவந்த பொம்மையின் கண்ணைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு நான் வெளியே நின்றேன். தண்ணீரை வீணாக்கினால் அடி விழுமே, இந்த ஆன்ட்டிக்குத் தெரியாதா என்று எனக்குக் கவலை. அதுதான் அன்றைக்கு என் கவலை. போன வாரம் அம்மாவுக்குப் போன் போட்டேன், இப்போது மணப்பாட்டில் சித்தியோடு இருக்கிறாள். போகட்டுமாம்மா என்றேன். நான் என்னத்தச் சொல்ல, நான் போனவ என்றாள். பிறகு, நீ மோசமாவா வளர்ந்துட்ட என்றாள். அது கேள்வியா, சமாதானமா, என்னிடம் மன்னிப்புக் கேட்கிறாளா, ஒன்றும் தெரியவில்லை, நான் சாப்பிட்டியா என்று கேட்டு வைத்துவிட்டேன். நான் மோசமாக வளரவில்லை. கையெழுத்து அழகாக இருக்கும், நகம் வெட்டியிருப்பேன், குரல் உயர்த்த மாட்டேன். ராத்திரி ஆனால் மட்டும் பயப்படுவேன்.

போர்டிங்கில் மணி அடித்தால் பேச்சு நிற்கும். சிஸ்டர் டார்ச் லைட்டோடு கட்டில் கட்டிலாக நடந்து போய், வெளியே இருந்து டார்மிட்டரிக் கதவைத் தாழ்ப்பாள் போடுவார்கள். அந்த இரும்புச் சத்தம் கேட்டால்தான் எனக்குத் தூக்கம் வரும். காலேஜ் ஹாஸ்டலிலும் வார்டன் அப்படியே. அங்கிருந்து நேராகக் கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்தால், இங்கே தாழ்ப்பாளே இல்லாத மாதிரி. முதல் ராத்திரி பெலிக்ஸிடம் கேட்டேன், கதவு பூட்டலையா. அவன் சொன்னான், எங்கப்பா தோணிக்குத் தண்டல் பிரிசி, தலைவர் மாதிரி, வெங்காயமும் சிமென்ட்டும் ஏத்திக்கிட்டு மாலிக்கு, அதான் மாலத்தீவுக்கு, போவாங்க, என்னைக்கு வருவாங்க, எந்நேரம் வருவாங்கன்னு சொல்ல முடியாது, வீட்டு ஆள் வெளியே கிடக்கையில உள்ள தாழ்ப்பாள் போடக் கூடாதுன்னு அம்மாவுக்கு. அப்பா இப்ப எங்கே என்றேன். அப்பா செத்துட்டாங்களே என்றான். கடலிலா. இல்ல, நம்ம ஆசுபத்திரில, மாரடைப்பு. பிறகும் ஏன் என்று நான் கேட்கவில்லை, புதுப் பெண். மாமியிடமும் கேட்டதில்லை. அந்தத் தாழ்ப்பாள் மேல் ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் பெயின்ட் அடித்து அடித்து அது கதவோடு ஒட்டிப்போய் ஒரு வீக்கம் மாதிரி இருக்கிறது. மாமா போன ஊர்தான் நான் போகப்போகிற ஊர். மாமிக்கு அந்த ஊர் மாசிக்கருவாடாகத்தான் தெரியும், கட்டை மாதிரி இறுகிய அந்த மாசியை மாமா மூட்டை மூட்டையாகக் கொண்டுவருவாராம். எனக்கு வேலை கிடைத்திருக்கிறது என்று சொன்ன அன்றைக்கு, அங்க பொம்பளையளும் போவாளுவளா என்று மட்டும் கேட்டார்கள். யோசித்தால் வேடிக்கையாக இருக்கிறது. டார்மிட்டரியில் வெளியே தாழ்ப்பாள், இங்கே தாழ்ப்பாள் இருந்தும் போடுவது கிடையாது, படுக்கப் போகிற முன்னால் என் கையால் உள்ளே இருந்து ஒரு கதவைத் தாழிட்டு நான் என் ஆயுளில் தூங்கியதே இல்லை. அந்தத் தீவில் டீச்சர்களின் அறைக்கு உள்ளே தாழ்ப்பாள் இருக்குமா. இதைப்போய் யாரிடம் கேட்பது. சம்பளம், லீவு, டிக்கெட் எல்லாம் கேட்டவள், மேடம், ராத்திரியில் கதவை யார் பூட்டுவார்கள் என்று கேட்டால் வேலையே தர மாட்டார்கள்.

கிறீச், மூச்சு, டொக். நைட்டி நனைகிறது. இரண்டு பக்கமும், ஊசி குத்துகிற மாதிரி, பிறகு சூடாக. நான் ஆன்சியை நினைக்கக்கூட இல்லை, கதவைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தேன், பால் ஏன் இறங்குகிறது. சத்தம் நின்றது, பால் நின்ற மாதிரி இருந்தது. சத்தம் மறுபடி வந்தது, மறுபடியும் இறங்கியது. திருடனுக்குப் பால் சுரக்கிற ஒருத்தி நானாகத்தான் இருப்பேன். எழுந்துவிட்டேன். பயந்துகொண்டேதான் எழுந்தேன், எழுந்த பிறகு படுப்பதற்கு அதைவிடப் பயமாக இருந்தது. ஹாலில் இருட்டு, இயேசுவின் திருஇருதயப் படத்துக்குக் கீழே சின்னச் சிவப்பு பல்பு. வாசற்கதவு அசையவில்லை. உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன், செத்த மாட்டின் வயிறு மாதிரி சில்லென்று, அசைவில்லாமல் இருந்தது. சத்தம் எனக்குப் பின்னால் இருந்து வந்தது. மாமியின் அறையிலிருந்து. கிறீச் என்பது தொட்டில் ஸ்பிரிங், டொக் என்பது தொட்டில் கட்டை சுவரில் முட்டுவது, மாமியின் அறை அவ்வளவு ஒடுக்கம். என் மார்புக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை. இதே ஸ்பிரிங்கை எத்தனை ராத்திரி நான் காலால் ஆட்டியிருக்கிறேன், ஆன்சி தவழ ஆரம்பித்த பிறகுதானே அதைக் கழற்றிப் பரணில் போட்டோம், இன்றைக்கு மாமி இறக்கிக் கட்டியிருக்கிறார்கள். ஆனால் ஆட்டுகிறவளாகவே இருந்திருக்கிறேன். சுவருக்கு இந்தப் பக்கம் நின்று, வேறு யாரோ ஆட்ட, நான் கேட்டதில்லை. இவ்வளவுதான் இது. நான் போன பிறகு இந்த வீட்டில் கேட்கப்போகிற சத்தம் இதுதான், அதை ஒரு ராத்திரி முன்கூட்டியே கேட்டுவிட்டேன்.

கதவை மெல்லத் திறந்தேன். மாமி தரையில் பாயில் மல்லாந்திருந்தார்கள், சேலைத்தொட்டிலில் கட்டிய கயிற்றின் மறுமுனை அவர்கள் கால் பெருவிரலில் இருந்தது, கண்ணை மூடிக்கொண்டே காலை ஆட்டிக்கொண்டிருந்தார்கள்.

"யாரு, பிரிசியா?"

"ஆமா மாமி."

"பால் கட்டிக்கிச்சா? பீச்சி விட்டுட்டுப் படு. நெறி கட்டுனா காய்ச்சல் வரும்."

"அழுதாளா?"

"அழாம? அழுதா. பொறவு ஃபேனப் பாத்துச் சிரிச்சா. பொறவு என் விரலக் கடிச்சா, பாரு, பல்லு பதிஞ்சிருக்கு. ஒன் மவளுக்குப் பல்லு இருக்கிற அளவுக்குப் பொறுமை இல்ல."

"எனக்கு அழுகைச் சத்தமே கேக்கலை மாமி."

"கேக்கக் கூடாதுன்னுதான தலைகாணிய வச்சு இந்த இடுக்க அடைச்சேன். கேட்டா நீ வந்து நிப்ப. இப்பவும் வந்துதான் நிக்க."

தொட்டிலுக்குள் எட்டிப் பார்த்தேன். கன்னத்தில் கண்ணீர் காய்ந்து வெள்ளையாக ஒரு கோடு. வாய் மட்டும் தனியாக எதையோ சப்பிக்கொண்டிருந்தது, நான் இல்லாமல், ஒன்றும் இல்லாமல், நன்றாகவே சப்பியது. தூக்கினால் விழித்துக்கொள்வாள், முகத்தைப் பார்த்ததும் கையை நீட்டுவாள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"நான் வாசல்ல யாரோ கதவைத் தள்ளுறாங்கன்னு பயந்துட்டேன்" என்றேன். பிறகு, எப்படி வந்தது என்று தெரியவில்லை, "மாமி, தாழ்ப்பாள் போடட்டுமா?"

மாமியின் கால் நின்றது. தொட்டில் தானாக இரண்டு ஆட்டம் ஆடி அடங்கியது. கேட்டிருக்கக் கூடாது என்று நினைத்தேன்.

"எப்பம் போகணும் மாலிக்கு?"

"இன்னும் முடிவு பண்ணலை மாமி. காலையிலதான் பதில் சொல்லணும்."

"முடிவு பண்ணாமலா வேப்பிலை அரைச்ச? நானா அரைச்சேன்? நானா பறிச்சேன்? பெலிக்ஸுக்கு ரெண்டு வயசு முடியிற மட்டும் நான் நிறுத்தல."

அம்மியில் என் கை அரைத்ததை என் கண் பார்த்துக்கொண்டுதான் இருந்தது. பச்சை விழுதை வழித்து எடுத்தபோது கூட, பல் முளைத்துவிட்டது, டாக்டரம்மா சொன்னார்கள் என்று நான் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தேன்.

"எனக்குப் பயமா இருக்கு மாமி. இவ என்னை மறந்துட்டா?"

"மறப்பா" என்றார்கள் மாமி. "பெலிக்ஸோட அப்பா ஒவ்வொரு தடவ வரும்போதும் இவன் அலறிக்கிட்டு என் சேலைக்குள்ள ஒளிவான். அவுங்களுக்கு மூஞ்சி சுண்டிப் போகும். மாசிய எடுத்து நீட்டுவாங்க, பிள்ளைக்கு என்ன தெரியும் மாசிய. பொறவு பழகும். திரும்பப் போவாங்க. நான் ஒண்ணும் உனக்கு நல்லது சொல்லல. இந்தப் பிள்ளைய வச்சுக்கிட்டு நான் என்ன பாடுபடப் போறேனோ, எனக்கு முட்டுவலி, அதயும் நெனச்சுக்க."

"அவங்க இறந்த பிறகும் ஏன் மாமி கதவு..."

"அவுங்கதான் வந்துட்டாங்களே. அந்தக் கதவு வழியாத்தான கொண்டு வந்து போட்டாங்க. அன்னைக்கு ராத்திரியே தாழ்ப்பாளப் போட்டிருக்கலாம். கை வரல, அவ்வளவுதான்." ஒருக்களித்துப் படுத்து, கயிற்றை விரலிலிருந்து அவிழ்த்தார்கள். "நீ போயிட்டேன்னா திரும்பவும் அது திறந்துதான் கிடக்கணும். எத்தன மாசமோ. இன்னைக்கு எல்லாரும் உள்ளதான கிடக்கோம். போய்ப் போடு."

தாழ்ப்பாள் அசையவில்லை. இத்தனை கிறிஸ்மஸ் பெயின்ட் அதன் மேல். நகத்தால் சுரண்டினேன், நீலத்துக்குக் கீழே பச்சை, பச்சைக்குக் கீழே காவி. ஆன்சிக்குத் தேய்க்கிற தேங்காய் எண்ணெயைக் கொண்டுவந்து விட்டேன், எண்ணெய் என் கை வழியே இறங்கி, பாலும் வேப்பிலையும் நனைத்த நைட்டியிலும் சிந்தியது. இருட்டில் கதவோடு மல்லுக்கு நிற்கிற என்னை யாராவது பார்த்தால் தப்பித்து ஓடப் பார்க்கிறாள் என்றுதான் நினைப்பார்கள். இழுக்கிறேன், வரவில்லை, வா என்கிறேன், யாரிடம் சொல்கிறேன், வா. உள்ளே பெலிக்ஸ் புரண்டு படுக்கிறான். மாமி இருமுகிறார்கள். தொட்டில் சத்தம் இல்லை. காலையில் பதில் அனுப்புவேன். அது என்ன பதில் என்று இப்போது எனக்குத் தெரிகிறது, தெரிந்தும் அழுகை வரவில்லை, நெஞ்சு மட்டும் கனத்துச் சொட்டுகிறது. ஒரு வருஷம் கழித்து ஆன்சி என்னை என்னவென்று கூப்பிடுவாளோ. என்ன கூப்பிட்டாலும் பாத்ரூமுக்குள் போகக் கூடாது, அங்கேயே நிற்க வேண்டும், தரையில் உட்கார்ந்து, அவள் முன்னால், அவள் பார்க்க. இழுத்தேன். பெயின்ட் விரிசல் விட்டது, துரு உதிர்ந்து விரலில் ஒட்டியது, இரும்பு கொஞ்சம் நகர்ந்து நின்று, பிறகு முழுசாக நகர்ந்து, உள்ளே இருந்து, என் கையால், தாழ்ப்பாள் விழுந்தது.